டப்பாவை பார்த்து ஏமாறாதீங்க! வீடியோ கேம் ‘ஆர்4’ கார்டு வாங்கும் முன் கவனிக்க வேண்டிய 6 விஷயங்கள்

பையன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிட்டான். கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் வேணும்னு ஒரு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கான். புதுசு வாங்க வசதி இல்லை. அதனால் தெரிந்தவர் ஒருத்தர் கிட்ட பேசி, பழைய நிண்டெண்டோ டி.எஸ். ஒன்றை வாங்கியாச்சு.

ஆனால் அதற்கு கேசட் இல்லை. ஒரிஜினல் கேசட் விலையை கேட்டால் தலை சுற்றுகிறது. அப்போது யாராவது ஒருத்தர் வந்து, “எதுக்கு அண்ணே ஒவ்வொரு கேசட்டா வாங்குறீங்க? ஆர்4 கார்டு ஒண்ணு வாங்கி போடுங்க. எல்லா கேமும் அதுலயே ஓடும்” என்று சொல்வார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கார்டை சொருகினால் மிஷின் அதை ஏற்காது. ஏற்றாலும் சில மாதத்தில் திடீரென்று நின்று விடும். நிற்காவிட்டாலும், பையன் ராத்திரி பகலாக விளையாடி சேர்த்து வைத்த ‘சேவ்’ ஒரு நாள் காணாமல் போகும். திருப்பி கொண்டு போனால், “கார்டு நல்லாத்தான் சார் இருக்கு. உங்க மிஷின்தான் கோளாறு” என்று கையை விரித்து விடுவார்கள்.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, பர்மா பஜாரில் வாங்கினாலும் சரி, செல்போனில் ஆர்டர் போட்டாலும் சரி. கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான். அதன் விவரம் வருமாறு:-

கார்டு என்றால் என்ன?

கேம் கேசட் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே கேம் எதுவும் இருக்காது. செல்போனில் போடுகிறோமே மைக்ரோ எஸ்.டி. மெமரி கார்டு, அதை சொருக ஒரு இடம் இருக்கும். கம்ப்யூட்டரில் இருந்து கேம் பைலை மெமரி கார்டில் ஏற்றி, அதை இந்த காலி கேசட்டுக்குள் போட்டு, மிஷினில் சொருக வேண்டும். மிஷின் அதை நிஜ கேசட் என்று நினைத்துக்கொள்ளும். இதற்கு பேர்தான் பிளாஷ் கார்ட்ரிட்ஜ்.

நிண்டெண்டோ டி.எஸ். 2004-ம் ஆண்டு வந்தது. உலகம் முழுக்க 15 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான மிஷின்கள் விற்றன. அதனால் அதற்கான கார்டுகளும் ஏராளமாக வந்தன. அதில் ரொம்ப பேர் பெற்றது ஆர்4. இன்றைக்கு எந்த டி.எஸ். கார்டை பார்த்தாலும் ஆர்4 என்று சொல்லும் அளவுக்கு அந்த பேர் ஒட்டிக்கொண்டது.

1. முதலில் மிஷினை பாருங்க

நிறைய பேர் செய்கிற தப்பு, கார்டை முதலில் வாங்கி விடுவது. அப்புறம்தான் மிஷினோடு பொருந்துமா என்று யோசிக்கிறார்கள். இது செருப்பை வாங்கி விட்டு காலை அளக்கிற கதை.

டி.எஸ்., டி.எஸ். லைட்:- இரண்டிலும் 2 ஓட்டை இருக்கும். சின்ன ஓட்டை டி.எஸ். கேசட்டுக்கு. பெரிய ஓட்டை, அதற்கு முந்தைய கேம் பாய் அட்வான்ஸ் கேசட்டுக்கு. ஆர்4 வகை கார்டுகள் சின்ன ஓட்டையில் போகும். கார்டு விஷயத்தில் அதிகம் தகராறு பண்ணாத மிஷின்கள் இவைதான்.

டி.எஸ்.ஐ., 3டி.எஸ்.:- இவற்றில் பெரிய ஓட்டை கிடையாது. அதோடு, சொருகிய கேசட் அசலா என்று மிஷினே சோதித்து பார்க்கும். பழைய காலத்து கார்டுகள் பலவற்றை இவை ஏற்காது. பெட்டியில் டி.எஸ்.ஐ., 3டி.எஸ். என்று தெளிவாக போட்டிருக்கும் கார்டு வேண்டும். கடையிலேயே உங்கள் மிஷினில் போட்டு காட்டச் சொல்லுங்கள்.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. கார்டின் மேல் ‘3டி.எஸ்.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து 3டி.எஸ். கேம் ஓடும் என்று நினைத்து வாங்கி விடுகிறார்கள். ஆர்4 வகை கார்டுகளில் அதற்கு அர்த்தம் வேறு. 3டி.எஸ். மிஷினில் சொருகலாம், ஆனால் பழைய டி.எஸ். கேம்தான் ஓடும். அவ்வளவுதான்.

கேம் பாய் அட்வான்ஸ்:- இதற்கு ஆர்4 ஆகாது. அளவே வேறு. எவர்டிரைவ், ஈ.இசட். பிளாஷ் போன்ற தனி கார்டுகள் இருக்கின்றன. அதே போல, ஆர்4 கார்டில் கேம் பாய் அட்வான்ஸ் கேமும் சுலபமாக ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள்.

2. பேரை நம்பாதீங்க

முதன்முதலில் வந்த அசல் ஆர்4 கார்டின் தயாரிப்பு நின்று பல வருடம் ஆகி விட்டது. அந்த கார்டு 2 ஜி.பி. வரைக்கும்தான் மெமரி கார்டை ஏற்கும். 4 ஜி.பி. போட்டால் கூட படிக்காது.

இப்போது கையில் கிடைப்பது எல்லாம் அதே பேரை ஒட்டிய நகல்கள். ஆர்4ஐ, ஆர்4 கோல்டு, ஆர்4 எஸ்.டி.எச்.சி. என்று ஆளுக்கொரு பேர். சிலர் கார்டின் மேல் வருஷத்தையும் அச்சடித்து விடுவார்கள். புது வருஷம் போட்டிருப்பதால் அது புது மாடல் என்று அர்த்தம் இல்லை. பல நேரம் உள்ளே இருப்பது அதே பழைய சரக்கு, ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசு.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

ஒவ்வொரு கார்டுக்கும் அதை இயக்குகிற மென்பொருள் ஒன்று உண்டு. ‘கெர்னல்’ என்று சொல்வார்கள். அதை மெமரி கார்டில் ஏற்றினால்தான் கார்டு வேலை செய்யும். ஒரு கார்டின் கெர்னலை இன்னொரு கார்டுக்கு போட்டால் திரையில் ‘லோடிங்’ என்று வந்து அப்படியே நின்று விடும். கார்டு செத்துப்போச்சு என்று தூக்கி எறிந்தவர்களில் பலர், தப்பான கெர்னலை போட்டவர்களே.

எனவே கார்டின் ஸ்டிக்கரில் உள்ள முழு பேரையும், அதில் அச்சடித்திருக்கும் இணையதள முகவரியையும் ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த கார்டுக்கு ‘வுட்’, ‘ஒய்.எஸ். மெனு’ போன்ற பொது மென்பொருள் ஒத்துவருமா என்று விசாரியுங்கள். ஒத்துவரும் என்றால் தைரியமாக வாங்கலாம். தயாரித்தவன் கடையை மூடி விட்டு போனாலும் உங்கள் கார்டு ஓடும்.

3. கடையிலேயே கடிகார டெஸ்ட்!

இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

நகல் கார்டுகள் சிலவற்றின் கெர்னலில் ஒரு ‘டைம் பாம்’ வைத்திருக்கிறார்கள். வெடிக்கிற பாம் இல்லை. குறிப்பிட்ட தேதி வந்ததும் கார்டு தானாக வேலையை நிறுத்தி விடும். அது வரைக்கும் ஜோராக ஓடும். அடுத்த நாள் காலையில் மிஷினை ஆன் செய்தால் மெனு வராது. புதுசாக இன்னொரு கார்டு வாங்க வைக்கிற தந்திரம் இது.

இதை கண்டுபிடிக்க செலவே இல்லை. மிஷினில் உள்ள கடிகாரத்தில் தேதியை 10 வருஷம் முன்னால் தள்ளி வையுங்கள். அப்புறம் கார்டை போட்டு ஆன் செய்யுங்கள். மெனு வந்தால் நல்லது. இன்றைய தேதியில் ஓடி, முன்னால் தள்ளியதும் நின்று போனால், அந்த கெர்னலில் பாம் இருக்கிறது. பார்த்து முடித்ததும் தேதியை மறக்காமல் சரி செய்து விடுங்கள்.

ஏற்கனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கவலைப்பட வேண்டாம். தேதியை பின்னால் தள்ளினால் பெரும்பாலும் மறுபடி ஓடும். பொது மென்பொருள் ஒத்துவருகிற கார்டு என்றால், கெர்னலை மாற்றி விட்டால் தேதி பிரச்சினையே வராது.

4. மெமரி கார்டில்தான் சூட்சுமம்

கார்டு வாங்கும்போது, “64 ஜி.பி. மெமரி கார்டும் சேர்த்து தர்றேன் சார்” என்பார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவு தேவையா?

ஒரு சின்ன கணக்கு போட்டு பார்க்கலாம். டி.எஸ். கேம்களில் மிகப்பெரியதே 512 எம்.பி.தான். பாதிக்கு மேல் அதை விட ரொம்ப சின்னது. ஒரு கேமுக்கு 128 எம்.பி. என்று வைத்தால் கூட, 8 ஜி.பி. மெமரி கார்டில் 60 கேம் போடலாம். கேம் பாய் அட்வான்ஸ் கேம் என்றால் சாதாரணமாக 32 எம்.பி.யை தாண்டாது. ஆக, 8 ஜி.பி. அல்லது 16 ஜி.பி. தாராளம்.

32 ஜி.பி.க்கு மேற்பட்ட மெமரி கார்டுகள் ‘எக்ஸ்பேட்’ என்ற முறையில் பார்மட் செய்யப்பட்டு வரும். ஆர்4 வகை கார்டுகளுக்கு அது புரியாது. ‘பேட்32’ முறையில் பார்மட் செய்திருக்க வேண்டும். பெரிய மெமரி கார்டை போட்டு விட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று சண்டைக்கு போகிறவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

அடுத்தது டூப்ளிகேட் மெமரி கார்டு. மேலே 64 ஜி.பி. என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டரில் போட்டாலும் 64 ஜி.பி. என்றே காட்டும். ஆனால் உள்ளே நிஜமாக இருப்பது 8 ஜி.பி.யாக இருக்கலாம். அந்த 8 ஜி.பி. நிரம்புகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் போடும்போது பைல்கள் ஒவ்வொன்றாக கெட்டுப்போகும். பையனின் ‘சேவ்’ காணாமல் போவது பல நேரம் இதனால்தான்.

இதை சோதிக்க ‘எச்2 டெஸ்ட்’ என்று அழைக்கப்படும் இலவச மென்பொருள் இருக்கிறது. மெமரி கார்டு முழுக்க எழுதி, திரும்ப படித்து பார்த்து, உண்மையான அளவை சொல்லி விடும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பக்கத்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து பார்க்கலாம். வாங்கிய அன்றைக்கே, எதுவும் ஏற்றுவதற்கு முன்பே இதை செய்து விட வேண்டும். பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. ‘சேவ்’ எங்கே போய் உட்காருகிறது?

விளையாட்டில் பாதி ருசியே, விட்ட இடத்தில் இருந்து மறுநாள் தொடருவதில்தான் இருக்கிறது. அதனால் கார்டு வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, “சேவ் எதுல பதிவாகும்?” என்பது.

ஆர்4 வகை கார்டுகளில் சேவ் நேராக மெமரி கார்டில் பைலாக பதிவாகும். கேமில் சேவ் கொடுத்த உடனே மிஷினை ஆப் செய்யக்கூடாது. சில வினாடி பொறுக்க வேண்டும்.

கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் கார்டுகள் சிலவற்றில் உள்ளே பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். அந்த பேட்டரியின் தயவில்தான் சேவ் உயிரோடு இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சேவ் போச்சு. ஈ.இசட். பிளாஷ் ஒமேகா டெபினிடிவ் எடிஷன் மாதிரி சில கார்டுகளில் சேவுக்கு பேட்டரி தேவையில்லை. விலை கூடுதல்தான். ஆனால் நீண்ட நாள் வைத்து விளையாடுகிறவர்களுக்கு இது மிச்சம்.

இந்த பேட்டரி தொல்லை ஒரிஜினல் கேசட்டிலும் உண்டு. 1999-ம் ஆண்டு வந்த போகிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் சேவ், கடிகாரம் இரண்டுமே பேட்டரியில்தான் ஓடுகின்றன. பழைய கேசட் வாங்கி, சேவ் ஆகவில்லை என்றால் அதற்காக தூக்கி போட வேண்டாம். பேட்டரியை மாற்றினால் போதும். ஆனால் மாற்றும்போது பழைய சேவ் அழிந்து விடும்.

எந்த கார்டு வாங்கினாலும் மாதம் ஒரு தடவை சேவ் பைல்களை கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைப்பது நல்லது.

6. “எல்லா கேமும் ப்ரீ” என்றால் உஷார்!

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

காலி கார்டு வேறு, அதில் ஏற்றுகிற கேம் வேறு. “300 கேம் ஏத்தி தர்றேன்” என்று யாராவது சொன்னால், அந்த கேம்களுக்கு அவர் யாருக்கும் காசு கொடுத்திருக்க மாட்டார். அது திருட்டு வி.சி.டி. மாதிரியேதான்.

இந்திய காப்புரிமை சட்டம் 1957-ன்படி, திருட்டு கம்ப்யூட்டர் மென்பொருளை தெரிந்தே பயன்படுத்துவது குற்றம். 63பி பிரிவின் கீழ் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. 2012-ம் ஆண்டு சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

அதே சட்டத்தின் 52-வது பிரிவில் ஒரு சலுகையும் இருக்கிறது. காசு கொடுத்து முறையாக வாங்கிய மென்பொருள், தொலைந்தோ கெட்டோ போகாமல் இருக்க காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உங்கள் பாதுகாப்புக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்கு கொடுக்க அல்ல.

வெளிநாடுகளில் கார்டு விற்பனைக்கே தடை வந்திருக்கிறது. ஜப்பானில் 2009-ம் ஆண்டு பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட கோர்ட்டு, ஆர்4 வகை கார்டுகளின் இறக்குமதி, விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. 2011-ம் ஆண்டு டிசம்பரில் இருந்து அங்கே இந்த மாதிரி கருவிகளை விற்பது தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆனது. இங்கிலாந்து ஐகோர்ட்டும் 2010-ம் ஆண்டு ஜூலையில் விற்பனையாளருக்கு எதிராக தீர்ப்பு சொன்னது. எனவே வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம், “மச்சான், வரும்போது ரெண்டு வாங்கிட்டு வா” என்று சொல்லும் முன் யோசிக்க வேண்டும்.

கண்ட இடத்தில் இருந்து பைல் எடுத்தால் மிஷினே காலியாகும் ஆபத்தும் உண்டு. 2005-ம் ஆண்டிலேயே டி.எஸ். மிஷினின் உள் மென்பொருளை அழித்து செங்கல் மாதிரி ஆக்கி விடும் வைரஸ் பைல் ஒன்று சுற்றியது. 2014-ம் ஆண்டு தொடக்கத்தில் 3டி.எஸ். கார்டு ஒன்றின் புது மென்பொருளை நகல் கார்டில் போட்டவர்களின் மிஷின்கள் முடங்கின. நகல்காரனும் அசல்காரனும் போட்ட சண்டையில், காசு கொடுத்து வாங்கியவன் மிஷின்தான் போனது.

அப்படியானால் கார்டில் எதைத்தான் போடுவது?

நியாயமான கேம்கள் நிறைய இருக்கின்றன. தனி ஆட்கள் உருவாக்கி, இலவசமாகவே கொடுக்கும் கேம்கள் உண்டு. 2017-ம் ஆண்டு கேம் பாய்க்காக வந்த ‘டோபு டோபு கேர்ள்’ அப்படி ஒன்று. கேம் பாயில் இசை அமைக்கிற ‘எல்.எஸ்.டி.ஜே.’ என்ற மென்பொருளை வைத்து மேடைக்கச்சேரி நடத்துகிற இசைக்கலைஞர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த கார்டு ஒரு வாத்தியக்கருவி மாதிரி.

டி.எஸ்.ஐ., 3டி.எஸ். வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி இலவச கேம்களை ஓட்ட கார்டு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அவற்றில் எஸ்.டி. மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறது. அதன் வழியாகவே ஓட்ட வழி இருக்கிறது. ஆனால் படிப்படியாக செய்ய வேண்டிய வேலை அது. நடுவில் தப்பு செய்தால் மிஷின் கெட்டுப்போகலாம். தெரிந்தவர் துணையோடு செய்வது நல்லது.

கடைக்கு போகும்போது...

மிஷினை கையோடு எடுத்துப்போங்க. முழு சார்ஜ் இருக்கட்டும். 20 வருஷம் ஆன மிஷின் என்றால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் உடனே மாற்றி விட வேண்டும்.

கார்டை உங்கள் கண் முன்னால், உங்கள் மிஷினில் போட்டு காட்டச் சொல்லுங்கள். தேதியை முன்னால் தள்ளி ஒரு தடவை பாருங்கள். இலவச கேம் ஒன்றை ஓட விட்டு, சேவ் செய்து, ஆப் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள். சேவ் இருக்கிறதா? அப்புறம் காசை எடுங்கள். இதற்கெல்லாம் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

கடைசியாக, பரீட்சையில் மார்க் வாங்கிய அந்த பையனுக்கு ஒரு சேதி. ‘ஜி.பி. ஸ்டூடியோ’ என்று ஒரு இலவச மென்பொருள் 2019-ம் ஆண்டு வந்தது. புரோகிராம் எழுத தெரியாதவர்கள் கூட அதை வைத்து கம்ப்யூட்டரில் சொந்தமாக கேம் பாய் கேம் செய்யலாம். அதை மெமரி கார்டில் ஏற்றி, ‘கேம்யோப்’ என்ற இலவச மென்பொருளின் உதவியோடு அப்பா வாங்கி கொடுத்த அதே பழைய டி.எஸ்.சில் ஓட்டலாம்.

300 திருட்டு கேமை விட, தானே செய்த ஒரு கேம் அந்த சின்ன திரையில் ஓடுவதை பார்க்கிற சந்தோஷம் பெரிசு. கார்டுக்கு கொடுத்த காசு அன்றைக்கே வசூலாகி விடும்!